18, 20, 22: குளிர்காலத்தில் தெர்மோஸ்டாட்டை எதில் வைப்பது?

ஒருவர் போகிற போக்கில் தெர்மோஸ்டாட்டை (வீட்டுச் சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி) 22-க்கு ஏற்றிவிட்டுப் போவார். அரை மணி கழித்து இன்னொருவர் வந்து 19-க்கு இறக்குவார். குளிர்காலம் முழுக்க இந்த இழுபறி நடக்கும். குளிர்கிறது என்று ஒருவரும் சூடாக இருக்கிறது என்று மற்றவரும் சொல்வது இரண்டுமே உண்மைதான். சுவரில் இருக்கும் அந்தக் கருவிக்குத் தெரிந்ததெல்லாம் தன்னைச் சுற்றி ஒரு சாண் தூரத்துக் காற்று எவ்வளவு சூடு என்பதுதான். சோபாவுக்குப் பின்னால் இருக்கும் ஜன்னல் கண்ணாடி எவ்வளவு சில்லிட்டிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. உட்கார்ந்திருப்பவரின் பிடரிக்குத் தெரியும்.

இங்கே சொல்லும் டிகிரி எல்லாம் செல்சியஸ். ஃபாரன்ஹீட் பழக்கமானவர்கள் 18-ஐ 64 என்றும், 20-ஐ 68 என்றும், 22-ஐ 72 என்றும் வைத்துக்கொள்ளலாம்.

நம் உடல் சூட்டை இழப்பது காற்றுக்கு மட்டும் இல்லை. சுற்றியிருக்கும் சுவர், கண்ணாடி, தரை ஆகிய குளிர்ந்த பரப்புகளுக்கும் கதிர்வீச்சாகக் கிட்டத்தட்ட அதே அளவு போய்க்கொண்டே இருக்கும். அதனால் வீட்டுக்குள் காற்றோட்டம் மெதுவாக இருக்கும்வரை, நாம் உணரும் வெப்பம் என்பது காற்றின் வெப்பநிலைக்கும் பரப்புகளின் வெப்பநிலைக்கும் நடுவில் விழும். நன்றாகக் காப்பிட்ட (வெப்பம் வெளியேறாமல் சுவர், கூரையைத் தடுத்துவைத்த) வீட்டில் காற்று 20, சுவர்கள் 19 என்றால் உடம்புக்குத் தெரிவது 19.5. காப்பு இல்லாத வீட்டில் ஒற்றைக் கண்ணாடி ஜன்னல்களோடு காற்று 21, பரப்புகளின் சராசரி 16 என்றால் உடம்புக்குத் தெரிவது 18.5 மட்டுமே. அதிக எண் வைத்திருக்கும் வீட்டில்தான் அதிகக் குளிர். ‘பக்கத்து வீட்டில் 20-லேயே சமாளிக்கிறார்களே’ என்ற ஒப்பீடு பெரும்பாலும் இதனால்தான் பொய்க்கிறது. சோபாவை ஜன்னலோரத்திலிருந்து உள்சுவர்ப் பக்கம் நகர்த்தி, இருட்டியதும் கனமான திரையை இழுத்துவிட்டாலே 22 கேட்டவர் 20-ல் அடங்கிவிடுவது உண்டு. ரேடியேட்டர் (சுடுநீர் ஓடி அறையைச் சூடாக்கும் பலகை) ஜன்னலுக்கு அடியில் இருந்தால் மட்டும் திரை அதன்மேல் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். விழுந்தால் சூடு முழுக்கத் திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும்.

சரி, எண்களுக்கு வருவோம்.

ஒரு வீடு வெளியே விடும் வெப்பம், உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்துக்கு ஏற்ப இருக்கும். வெளியே 5 டிகிரி என்று வையுங்கள். 22-ல் வைத்தால் வித்தியாசம் 17, 20-ல் 15, 18-ல் 13. ஆக 22-லிருந்து 20-க்கு இறங்கினால் வெப்ப இழப்பு ஏறத்தாழ 12 சதவீதம் குறைகிறது. 18-க்கு இறங்கினால் 23 சதவீதத்துக்கும் மேல். வெளியே மைனஸ் 15 என்றால் அதே 2 டிகிரி 5 சதவீதம்தான் மிச்சம் தரும். ஒரு டிகிரிக்கு இத்தனை சதவீதம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லும் கணக்குகள் ஊருக்கு ஊர் மாறுவது இதனால்தான். சமையல், வெயில், மனித உடம்பு, மின்சாதனங்கள் தரும் இலவசச் சூடும் இருக்கிறதே. ஹீட்டர் ஈடுகட்ட வேண்டியது மீதியை மட்டும் என்பதால் பில்லில் தெரியும் சதவீதம் இதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும்.

18 டிகிரிக்கு ஒரு வலுவான ஆதாரம் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட வழிகாட்டி, குளிரான பகுதிகளில் வீட்டுக்குள் குறைந்தபட்சம் 18 இருக்க வேண்டும் என்கிறது. இதைப் பலர் ‘18 போதும்’ என்று படித்துக்கொள்கிறார்கள். அதற்குக் கீழே இறங்கக் கூடாத எல்லை அது, இலக்கு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வீட்டுக்குள் நடமாடிக்கொண்டே இருக்கும், நல்ல உடல்நிலையில் உள்ள பெரியவர்களுக்கு ஸ்வெட்டரும் கனத்த சாக்ஸும் போட்டால் 18 சரிப்படும். உட்கார்ந்திருப்பவருக்குத் தடித்த முழுக்கை ஸ்வெட்டர் ஒன்று ஏறத்தாழ 2 டிகிரிக்குச் சமம். ஆனால் கணினி முன்னால் நான்கு மணி நேரம் அசையாமல் வேலை செய்பவருக்கு எத்தனை ஸ்வெட்டர் போட்டாலும் விரல் நுனி விறைக்கும். அவருக்கு 18 ஒத்துவராது. எரிசக்தித் தட்டுப்பாட்டின்போது 1977-ல் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் தொலைக்காட்சியில் கார்டிகன் ஸ்வெட்டர் அணிந்து வந்து, பகலில் 65 ஃபாரன்ஹீட், இரவில் 55 என்று வைக்கச் சொன்னார். பகல் எண் 18-ஐ ஒட்டியது, அதில் குறையில்லை. இரவு எண் கிட்டத்தட்ட 13. ஆள் இல்லாத வீட்டுக்குத்தான் அது பொருந்தும்.

22 கேட்பவர்களை ஊதாரிகள் என்று ஒதுக்கிவிட முடியாது. வயதானவர்களுக்குத் தோலுக்கடியில் கொழுப்பு குறைவு, அசைவும் குறைவு. குளிரை உணரும் திறனே மங்கியிருக்கும் என்பது இன்னும் ஆபத்து. ‘எனக்கு ஒன்றும் குளிரவில்லை’ என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே உடல் வெப்பம் இறங்கிக்கொண்டிருக்கலாம். உடலின் உள் வெப்பநிலை 35-க்குக் கீழே போனால் அது மருத்துவ அவசரம். முதியவர்கள், தைராய்டு சுரப்புக் குறைவு உள்ளவர்கள், நோயிலிருந்து தேறுபவர்கள் இருக்கும் வீட்டில் அவர்கள் அமரும் அறை 21 அல்லது 22-ல் இருப்பதே சரி. அங்கே சிக்கனம் பார்க்க வேண்டாம். கைக்குழந்தை விஷயம் நேர் எதிர். குழந்தை தூங்கும் அறைக்கு 16 முதல் 20 வரை என்பதுதான் பொதுவான அறிவுரை. அதிகச் சூடு திடீர்க் குழந்தை மரண அபாயத்தைக் கூட்டும். குழந்தையின் கை கால் சில்லென்று இருப்பதை வைத்து அறையைச் சூடாக்காதீர்கள். மார்பையோ பிடரியையோ தொட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

22-ன் இன்னொரு விலை வறட்சி. வெளியே 0 டிகிரியில், ஈரம் நிறைந்த காற்றில்கூட ஒரு கன மீட்டருக்கு 4.8 கிராம் நீராவிதான் இருக்கும். அதே காற்று உள்ளே வந்து 20-க்குச் சூடானால் ஈரப்பதம் 26 சதவீதமாகிவிடும், 22-ல் 23. மூக்கு வறண்டு, உதடு வெடித்து, கதவுக் கைப்பிடியில் ஷாக் அடிப்பது இந்த நிலையில்தான். 30 முதல் 50 சதவீதத்துக்குள் ஈரப்பதம் நிற்கிறதா என்று பார்க்கச் சின்ன ஈரப்பதமானி ஒன்று வீட்டில் இருந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

20 என்பது 18-க்கும் 22-க்கும் நடுவில் சமரசமாகப் பிறந்த எண் என்று தோன்றலாம். ஆனால் லேசான ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு, ஓரளவு காப்பிட்ட வீட்டில் உடம்பு எதுவும் கேட்காத நிலை அதை ஒட்டித்தான் வருகிறது. அமெரிக்க எரிசக்தித் துறையும் விழித்திருக்கும் நேரத்துக்கு 20-ஐ ஒட்டித்தான் சொல்கிறது. எல்லோருக்கும் பொருந்தும் என்று மட்டும் நம்ப வேண்டாம். சூடு, குளிர் பற்றிய வசதிக் கணக்கை 1970-ல் வகுத்த டென்மார்க்கின் ஓலே ஃபாங்கர், எல்லாம் சரியாக அமைந்த அறையிலும் நூற்றுக்கு 5 பேர் அதிருப்தியாகவே இருப்பார்கள் என்றார். வீட்டில் அந்த 5 பேரில் ஒருவர் இருந்தால் எண்ணோடு மல்லுக்கட்டாமல் அவருக்கு ஒரு மின்சாரப் போர்வை வாங்கிக் கொடுப்பது மலிவு. பொதுவாக 100 வாட்டைச் சுற்றி இழுக்கும் போர்வை ஒருவரைச் சூடாக்கும். அதே வேலைக்கு அறை ஹீட்டர் 1,500 வாட் கேட்கும்.

இரவில் இறக்குவதா, ஒரே சீராக விடுவதா?

பகல் எண்ணைப் போலவே இந்தக் கேள்வியிலும் பணம் இருக்கிறது. ‘இரவில் இறக்கினால் காலையில் மறுபடி சூடாக்க அதைவிட அதிகம் செலவாகும்’ என்ற நம்பிக்கை வேர்விட்டுப் போயிருக்கிறது. அது தவறு. ஓட்டைக் குடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் மட்டம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு வேகமாக ஒழுகும். இரவு முழுக்கக் குடத்தை நிறைத்துவைத்தால் இரவு முழுக்க முழு வேகத்தில் ஒழுகும். பாதியாக இறங்க விட்டால் ஒழுக்கு குறையும். காலையில் ஊற்றும் தண்ணீர், இரவு ஊற்றாமல் விட்ட தண்ணீர்தான், கூடுதல் இல்லை. நாளில் 8 மணி நேரம் 4 முதல் 5.5 டிகிரி வரை இறக்கிவைத்தால் ஆண்டுச் செலவில் 10 சதவீதம் வரை மிச்சமாகும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. தூக்கத்துக்கும் 16 முதல் 19 வரை நல்லது என்பதால் இரட்டை லாபம்.

ஆனால் குடத்தை எதைக்கொண்டு நிரப்புகிறீர்கள் என்பதைப் பார்க்காமல் இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

சூடான காற்றை ஊதும் ஃபர்னஸ் இருந்தால் தயங்காமல் 4 டிகிரி இறக்கலாம். காற்று சீக்கிரம் சூடாகும். எழுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ஏறத் தொடங்கும்படி அட்டவணை போட்டால் போதும். தண்ணீரைச் சூடாக்கி அனுப்பும் பாய்லரும் ரேடியேட்டரும் உள்ள வீட்டில் 3 டிகிரி இறக்கம் நியாயமானது. கண்டன்சிங் வகை பாய்லர் என்றால் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ரேடியேட்டரைச் சுற்றித் திரும்பி வரும் தண்ணீர் ஏறத்தாழ 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் புகையில் உள்ள நீராவி குளிர்ந்து, தன் வெப்பத்தைத் திருப்பித் தரும். அதிகமாக இறக்கிவிட்டுக் காலையில் அவசரமாகச் சூடேற்ற 75 டிகிரித் தண்ணீரை அனுப்பினால் அந்த லாபம் போய்விடும். இறக்கத்தைக் குறைத்து, பாய்லரில் தண்ணீர் வெப்பத்தை 60-ஐ ஒட்டி வைத்து, சற்று முன்னதாகவே ஓட விடுவது நல்லது.

ஹீட் பம்ப் (வெளியே இருக்கும் வெப்பத்தை உள்ளே இழுத்துத் தரும் கருவி) உள்ளவர்கள்தான் இந்த விஷயத்தில் அதிகம் ஏமாறுகிறார்கள். மிதமான குளிரில் அது ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 3 யூனிட் வெப்பம் தரும். துணைக்கு இருக்கும் மின் கம்பிச்சுருளோ ஒன்றுக்கு ஒன்றுதான். இரவில் 4 டிகிரி இறக்கி, காலை 6 மணிக்கு 20 கேட்டால், வித்தியாசம் பெரிது என்று பார்த்த தெர்மோஸ்டாட் துணைச் சுருளையும் சேர்த்து இயக்கிவிடும். வெளிக்காற்று மிகக் குளிர்ந்திருக்கும் விடியற்காலையில் பம்பின் திறனும் அடிமட்டத்தில் இருக்கும். இரவு முழுக்கச் சேமித்தது ஒரு மணி நேரத்தில் கரையும். தெர்மோஸ்டாட் திரையில், துணைச் சுருள் ஓடுவதைக் காட்டும் ‘ஆக்ஸ்’ (Aux) என்ற குறி தினமும் காலையில் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் இறக்கத்தை 1 டிகிரிக்கு, அதிகம் போனால் 2-க்குச் சுருக்குங்கள். ‘எமர்ஜென்சி ஹீட்’ பொத்தானைச் சீக்கிரம் சூடாகட்டும் என்று அழுத்துவது பெரிய தப்பு. அது பம்பை ஒதுக்கிவிட்டுச் சுருளை மட்டும் ஓட்டும். பம்ப் பழுதானபோது மட்டுமே அதற்கு வேலை.

கான்கிரீட் தரைக்குள் குழாய் ஓடும் வீட்டில் இரவு இறக்கம் என்ற பேச்சையே விட்டுவிடலாம். தரை ஆறவும் சூடாகவும் பல மணி நேரம் பிடிக்கும். பத்து மணிக்கு இறக்கினால் விடியற்காலையில்தான் குறையத் தொடங்கும். காலையில் ஏற்றினால் மத்தியானம் சூடு வரும். ஒரே எண்ணில் விடுங்கள். காலடியில் சூடு இருப்பதால் 20-க்குப் பதில் 19 போதும் என்று தோன்றுவதே அங்கு கிடைக்கும் சேமிப்பு. அறைக்கு அறை தனி மின் ஹீட்டர் உள்ளவர்களுக்கு நேரக் கணக்கைவிட அறைக் கணக்கு முக்கியம். இருக்கும் அறை 20, மற்றவை 16.

எவ்வளவு இறக்கலாம் என்பதற்கு ஈரமும் ஓர் எல்லை போடும். மாலையில் 20 டிகிரி, 50 சதவீத ஈரப்பதம் என்றால் காற்றில் கன மீட்டருக்கு ஏறத்தாழ 8.6 கிராம் நீராவி இருக்கிறது. காற்றை மாற்றாமல் இரவில் 15-க்கு இறக்கினால் அதே நீராவி 67 சதவீத ஈரப்பதமாகிவிடும். பீரோவுக்குப் பின்னால், வெளிச்சுவர் மூலை 12 டிகிரியில் இருந்தால் அங்கே 80 சதவீதத்தைத் தாண்டும். பூஞ்சைக்கு அது போதும். காலையில் ஜன்னல் கண்ணாடி வியர்த்து அடிச்சட்டத்தில் தண்ணீர் தேங்கினால் இறக்கம் அதிகம் அல்லது காற்றோட்டம் குறைவு என்று அர்த்தம். இறக்கத்தை 17-ல் நிறுத்துங்கள். குளித்தபின், சமைத்தபின் எக்ஸாஸ்ட் ஃபேனை இன்னும் பத்து நிமிடம் ஓட விடுங்கள். பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளிவையுங்கள். பயன்படுத்தாத அறையின் ஹீட்டரை முழுக்க அணைத்துக் கதவைத் திறந்து வைப்பதுதான் மிக மோசம்: கூடத்து ஈரக் காற்று அங்கே போய்க் குளிர்ந்த சுவரில் படியும். 15, 16-ல் வைத்துக் கதவைச் சாத்துங்கள்.

எண்ணை நம்பும் முன்பு கருவியைச் சோதியுங்கள்

தெர்மோஸ்டாட் உள்சுவரில், தரையிலிருந்து ஏறத்தாழ 1.5 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். வெயில் படும் இடம், டிவிக்கு மேலே, விளக்குக்குப் பக்கத்தில், வாசல் கதவருகில் என்றால் அது சொல்வது வீட்டின் வெப்பம் ஆகாது. டிவிக்கு மேலே இருந்தால் மாலையில் டிவி ஓடும்போது வீடே குளிரும். அதிகம் பேர் கவனிக்காத கோளாறு ஒன்று உண்டு. வயர் வெளியே வரும் ஓட்டை வழியாகச் சுவருக்குள்ளிருந்து குளிர்காற்று நேராக சென்சாரில் அடிக்கும். ஹீட்டர் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் மூடியைக் கழற்றி, அந்த ஓட்டையில் கொஞ்சம் புட்டிப் பசை வைத்து அடையுங்கள். கழற்றும் முன் மின்சாரத்தை அணைக்க வேண்டும். நல்ல டிஜிட்டல் வெப்பமானி ஒன்றைத் தெர்மோஸ்டாட்டை ஒட்டி, சுவரைத் தொடாமல் 20 நிமிடம் வைத்துப் படித்தால் அது எவ்வளவு பொய் சொல்கிறது என்று தெரிந்துவிடும்.

ரேடியேட்டர் வால்வில் 1 முதல் 5 வரை இருக்கும் எண்கள் டிகிரி இல்லை. 3 என்பது பெரும்பாலும் 20-ஐ ஒட்டியது. ஒவ்வொரு எண்ணுக்கும் 3, 4 டிகிரி வித்தியாசம். தெர்மோஸ்டாட் இருக்கும் அறையில் வால்வை முழுக்கத் திறந்து வைக்க வேண்டும். அங்கே வால்வு முந்திக்கொண்டு அடைத்தால் அந்த அறை 20-ஐத் தொடவே தொடாது. பாய்லர் ஓடிக்கொண்டே இருக்கும், மற்ற அறைகள் கொதிக்கும்.

சீக்கிரம் சூடாகட்டும் என்று 28-க்குத் திருகுவதிலும் பலன் இல்லை. பெரும்பாலான தெர்மோஸ்டாட் வெறும் சுவிட்ச்தான், கார் ஆக்ஸிலேட்டர் இல்லை. 20 கேட்டாலும் 28 கேட்டாலும் ஹீட்டர் ஒரே வேகத்தில்தான் ஓடும்; 28 என்றால் நிற்க மறக்கும், அவ்வளவுதான்.

கடைசியில் உங்கள் எண்ணைக் கண்டுபிடிக்கும் வழி. மாலை நேரத்தில் எல்லோரும் வழக்கமாக உட்காரும் இடத்தில், இருக்கை உயரத்தில் வெப்பமானியை வையுங்கள். 20-ல் தொடங்கி மூன்று நாள் விடுங்கள். யாரும் எதுவும் சொல்லாவிட்டால் அரை டிகிரி இறக்கி இன்னும் மூன்று நாள். முதல் புகார் வந்ததும் அரை டிகிரி ஏற்றி நிறுத்துங்கள். வெளியிலிருந்து வந்த உடனேயும் குளித்துவிட்டு வந்த உடனேயும் வரும் புகாரைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். கால் குளிர்கிறது என்பதுதான் புகார் என்றால் தெர்மோஸ்டாட்டைத் தொடும் முன் கணுக்கால் உயரத்தில், தரையிலிருந்து 10 சென்டிமீட்டரில், ஒரு முறை அளந்து பாருங்கள். உட்கார்ந்தவரின் தலை இருக்கும் 1.1 மீட்டர் உயரத்தைவிட அங்கே 3 டிகிரிக்கு மேல் குறைவாக இருந்தால் குற்றவாளி கதவிடுக்கு அல்லது தரை. எவ்வளவு ஏற்றினாலும் சூடு கூரைக்குப் போகும், கால் குளிர்ந்துகொண்டே இருக்கும். கதவடியில் ரப்பர் பட்டை ஒட்டி, ஒரு விரிப்பைப் போட்டுவிட்டு மறுபடி அளவெடுங்கள்.

வேலைக்குப் போகும் நேரத்துக்கு 16 போதும், ஹீட் பம்ப் வீட்டில் 18. பல நாள் வெளியூர் போனால் 13-க்குக் கீழே இறக்காதீர்கள். வெளியே மைனஸ் 7-ஐ நெருங்கும்போது, வெளிச்சுவரை ஒட்டி ஓடும் காப்பில்லாத தண்ணீர்க் குழாய்கள் உறையத் தொடங்கும். உறைந்த குழாய் வெடித்தால் ஒரு குளிர்கால பில்லைப்போலப் பல மடங்கு செலவு வைக்கும். தண்ணீர் மெயின் வால்வை மூடுங்கள், சிங்க்குக்கு அடியில் உள்ள அலமாரிக் கதவுகளைத் திறந்து வைத்துவிட்டுக் கிளம்புங்கள். ஹீட் பம்ப் வீடாக இருந்தால், திரும்பி வரும் நாளில் 13-லிருந்து ஒரே தாவலாக 20 கேட்காமல், மணிக்கு ஒரு டிகிரியாக ஏற்றும்படி போனிலிருந்தே அட்டவணை போட்டுவிடலாம்.